ஒரே பெயர், வேறு முதலெழுத்து

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் சங்கச் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்கான அங்கத்தவர் பட்டியலைத் தயாரிப்பதற்காகப் பழைய இடாப்புகளைப் புரட்டியபோது எங்களை அதிகம் திணறடித்த பெயர் இலட்சுமி. தனலட்சுமி, யோகலட்சுமி, விஜயலட்சுமி, பாக்கியலட்சுமி என்று வகுப்புக்கு இரண்டு மூன்று பேர். பெண்பிள்ளை பிறந்தால் "வீட்டுக்கு இலட்சுமி வந்திருக்கிறாள்" என்று சொல்வது நமது வழக்கம். வந்தவள் வீட்டுக்குள்ளேயே இருந்து அதைச் செழிக்கச் செய்யவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பெயரோடு சேர்ந்தே வரும். அந்தப் பெயரோடு வீட்டு வாசலைத் தாண்டிப் போன ஐந்து பேரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். ஐவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். ஐந்து வெவ்வேறு வழிகளில் சென்றவர்கள்.

முதல் இருவரும் 1886ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவர் மயிலாப்பூரில் பிறந்த ஆர். எஸ். சுப்புலட்சுமி. சிறுமியாக இருக்கும்போதே மணமுடித்து வைக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். மங்கலத்தின் பெயரைச் சூட்டிய சமூகமே அந்தப் பிள்ளையை அமங்கலம் என்று ஒதுக்கிவைக்கும் காலம் அது. ஆனால் அவருடைய தகப்பனார் மகளை மூலையில் இருத்தவில்லை; படிக்கவைத்தார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவைப் பெண் அவரே. அடுத்த ஆண்டு, தம்மைப் போன்ற இளம் விதவைகள் சிலரைச் சேர்த்து அவர்களுக்குக் கல்வி கொடுக்கத் தொடங்கினார். பின்னர் மெரீனாக் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ் கட்டிடம் அவர்களுடைய விடுதியானது. அங்கு படித்தவர்கள் ஆசிரியைகளாக வெளியேறினார்கள். ஊரார் அவரைச் "சகோதரி சுப்புலட்சுமி" என்றே அழைத்தார்கள்.

மற்றவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. ஆண்களுக்கென்றே இருந்த கல்லூரியில் முதல் மாணவியாக இடம் பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து வைத்தியராக வெளியேறினார். சட்டசபை அங்கத்தவரானபோது, பிரித்தானிய இந்தியாவிலேயே அந்தப் பதவியை வகித்த முதற் பெண் அவர்தான். அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். அந்த முறையின் துன்பத்தை வீட்டிலிருந்தே அறிந்தவர் என்பதால், அதை ஒழிக்கும் சட்டத்துக்காக விடாமல் போராடினார். 1947இல் சட்டம் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக ஒளவை இல்லத்தைத் தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையை உருவாக்கினார்.

அதே மரபின் மற்றொரு பக்கத்தைக் காட்டியவர், 1916இல் மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி. முத்துலட்சுமி அந்த முறையின் கொடுமையைச் சட்டத்தால் நீக்கினார்; எம். எஸ். அந்த மரபு காத்துவந்த இசையை உலக மேடைக்குக் கொண்டுபோனார். 1941இல் "சாவித்திரி" திரைப்படத்தில் அவர் நாரதராக நடித்துப் பெற்ற பணத்தில்தான் "கல்கி" பத்திரிகை தொடங்கியது. நமது பெரியம்மாமார் வாரந்தோறும் காத்திருந்து வாசித்த பத்திரிகைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டோம். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா விருது கிடைத்தபோது, அதைப் பெற்ற முதல் இசைக் கலைஞர் அவரே. கச்சேரிகளால் வந்த பணத்தில் பெரும்பகுதியைத் தருமக் காரியங்களுக்கே கொடுத்தார்.

நான்காமவர் கப்டன் இலட்சுமி. 1914இல் சென்னையில் பிறந்தார். முத்துலட்சுமி படித்த அதே மருத்துவக் கல்லூரியில் படித்துச் சிங்கப்பூருக்குப் போய், ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்தார். 1943இல் நேதாஜி பெண்களுக்கென ஒரு படையணி அமைத்தபோது தலைமையேற்றார். அணியின் பெயர் ஜான்சி ராணி. அந்த ராணியின் பெயரும் இலட்சுமிபாய்! மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். போர் முடிந்த பின் அவர் கான்பூரில் வைத்தியத்துக்கே திரும்பினார். தொண்ணூறு வயது கடந்தும் நோயாளரைப் பார்த்தார்.

ஐந்தாமவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் திரிபுரசுந்தரி. மருத்துவம் படிக்கையில் பணமுடை வந்தது. கதை எழுதி, அதில் வந்த பணத்தில் படிப்பைத் தொடர்ந்தார். எழுத்துக்காகத் தாமே எடுத்துக்கொண்ட பெயர் "லக்ஷ்மி". நீண்ட காலம் தென்னாபிரிக்காவில் வைத்தியராக இருந்தார். "ஒரு காவிரியைப் போல" நாவலுக்கு 1984இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். விடுதியில் விளக்கணைத்த பிறகும் அவருடைய நாவல்களை ஒளித்து வாசித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள் என்று நினைக்கிறோம்!

சகோதரிகளே, பெயர் ஒன்றாக இருக்கும்போது ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டுவது முதலெழுத்தும் பின்னொட்டும்தான். ஆர். எஸ்.ஸில் உள்ள எஸ் தகப்பனார் சுப்பிரமணிய ஐயரைக் குறிக்கிறது. எம். எஸ். என்பது மதுரை சண்முகவடிவு. வீணை வாசித்த தாயாரின் பெயர் அது. முத்துலட்சுமி, கணவரின் பெயரோடு முத்துலட்சுமி ரெட்டி ஆனார். இலட்சுமி சுவாமிநாதன், திருமணத்தின் பின் இலட்சுமி சேகல் ஆனார். எழுத்தாளர் லக்ஷ்மிக்கு முதலெழுத்தே தேவைப்படவில்லை. இவர்கள் புகழ்பெற்றவர்கள் ஆனதால், எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கிறார்கள்.

நம்மவர் நிலை அப்படியில்லை. இடாப்பில் தகப்பனாரின் முதலெழுத்தோடு இருந்தவள், மணமானதும் கணவனின் பெயரோடு மாறிவிடுகிறாள். வெளிநாடு போனதும் அங்குள்ளோர் வாய்க்கு வசதியாக இலட்சுமி "லக்ஸ்" ஆகிவிடுகிறாள். பிறகு அவளை எப்படிக் கண்டுபிடிப்பது? நாற்பது ஆண்டுகள் கிராமத்துப் பாடசாலையில் படிப்பித்தவளும், கணவனை இழந்து தையல் மெசினோடு பிள்ளைகளை ஆளாக்கியவளும், குளிர் நாட்டில் இரவு வேலை செய்து சகோதரங்களைக் கரைசேர்த்தவளும் அந்த இடாப்புக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களும் வாசல் தாண்டியவர்கள்தான். ஆனால் எந்த இலட்சுமி எவள் என்று எழுதிவைக்க நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

ஆகவே இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். சங்கத்துக்கு எழுதும்போது, இப்போதைய பெயரோடு படித்த காலத்துப் பெயரையும் முதலெழுத்தையும் சேர்ந்த ஆண்டையும் இல்லத்தையும் குறிப்பிடுங்கள். செய்த தொழிலை ஒரு வரியில் எழுதுங்கள். வீட்டைப் பார்த்தேன் என்றால் அதையும் எழுதுங்கள். உடன் படித்தவர்களில் மறைந்துபோனவர்களின் விபரத்தையும் மறக்காமல் அனுப்புங்கள். இடப்பெயர்வுகளில் சில ஆண்டுகளின் இடாப்புகள் தொலைந்துபோயின. அந்த ஆண்டுகளுக்கு உங்கள் ஞாபகத்தையே நம்பியிருக்கிறோம்.