தாழ்குழலும் உயர்குழலும்



குழல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக் குழலும் ஆம்பற் குழலும் முல்லைக் குழலும் ஒலிக்கின்றன. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் குழலின் நீளத்தையும் சுற்றளவையும் விரற்கணக்கில் வரையறுத்துச் செல்கிறார். கருவியின் அளவு மாறினால் ஒலியும் மாறும். ஊதுபவரின் மூச்சும் விரலும் உடன் மாறியாக வேண்டும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் கருவி ஒன்று அயர்லாந்து நாட்டில் உண்டு. தாழ்ந்த சுருதிக் குழலில் பயின்ற ஒருவர் உயர்ந்த சுருதிக் குழலைத் தேர்ந்தெடுக்கும்போது பெறுவது யாது, விட வேண்டுவது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

அயர்லாந்து மக்கள் இதனைத் தம் மொழியில் தகரக் குழல் என்றே வழங்குகின்றனர். நம் புல்லாங்குழல் போலப் பக்கத்தில் ஊதுவதன்று. நுனியில் வாய் வைத்து ஊதுவது. துளைகள் ஆறு. 1843இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் என்னும் உழைப்பாளி, தகரத் தகட்டைச் சுருட்டி, வாய்ப்புறத்தில் மரத்துண்டு செருகி இக்குழல்களைச் செய்யத் தொடங்கினார். விலை மலிவாக இருந்தமையால் எளிய மக்களின் கைக்கு அது எட்டியது. இதுவே உயர்குழல், நீளம் ஏறத்தாழ 30 செ.மீ.

தாழ்குழல் வயதில் மிக இளையது. அதன் பிறப்பில் நம் நாட்டு மூங்கிலுக்கும் பங்குண்டு. ஃபின்பார் ஃப்யூரி என்னும் அயர்லாந்துக் கலைஞர் போற்றி வைத்திருந்த இந்திய மூங்கிற்குழல் சிதைந்து போயிற்று. அதற்கு ஈடாக ஒன்று செய்ய முனைந்த பெர்னார்டு ஓவர்ட்டன் என்னும் ஆங்கிலேயர், 1971இல் அலுமினியக் குழாயில் தாழ்ந்த சுருதிக் குழலைச் செய்தளித்தார். இன்று பெருவழக்காக உள்ள தாழ்குழல் ஏறத்தாழ 60 செ.மீ. நீளமுடையது, உயர்குழலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. டேவி ஸ்பில்லேன் போன்றோர் அதன் கனிந்த, ஏக்கம் தோய்ந்த ஒலியை உலகறியச் செய்தனர். அவ்வொலியில் மயங்கி, நேரே தாழ்குழலிலேயே பயிற்சி தொடங்குவோரும் உளர்.

இரண்டிலும் விரலமைப்பு ஒன்றே. ஆறு துளைகளையும் மூடி, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் நம் சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். ஆகவே தாழ்குழல் பயின்றவர்க்கு உயர்குழல் எளிது என்று தோன்றும். ஆனால் கையில் எடுத்த உடனே மூன்று தடைகள் எதிர்ப்படும்.

முதலாவது விரல். தாழ்குழலின் துளைகள் அகன்று விலகியிருப்பதால் விரலை நீட்டி, நடுக்கணுவின் தசையால் மூடுவர். உயர்குழலில் துளைகள் நெருங்கியிருக்கும். நீட்டிய விரல்கள் அங்கு ஒன்றையொன்று இடிக்கும். விரலை இலேசாக வளைத்து, நுனித் தசையால் மூடக் கற்க வேண்டும்.

இரண்டாவது மூச்சு. பெருங்குழலை நிரப்பிப் பழகிய மூச்சைச் சிறுகுழலில் செலுத்தினால் ஒலி கீச்சிட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். அதற்கு அஞ்சி மூச்சை ஒடுக்கினாலோ மேற்சுரங்கள் உடையும். வேண்டுவது சிறிய, ஆயினும் தளராத மூச்சு. அடக்கம் வேறு, அச்சம் வேறு என்பதை இக்குழல் நாள்தோறும் கற்பிக்கிறது.

மூன்றாவது செவி. தாழ்குழலின் நிழலில் வளர்ந்த செவிக்கு உயர்குழல் வெயிலாகச் சுடும். அங்குத் தாழ்ந்த ஒலி மூடி மறைத்த சிறு பிழையும் இங்கு வெளிப்பட்டு நிற்கும்.

இக்கூச்சத்தால் சிலர் இடைப்பட்ட சுருதியில் ஒரு குழலை வாங்கி மனநிறைவு கொள்கின்றனர். ஒலி இதமாக இருக்கும் என்பது மெய்யே. ஆனால் அயர்லாந்தின் நடனப் பாட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி என்னும் சுருதிகளில் அமைந்தவை. பிடிலும் அக்கார்டியனும் சேர்ந்து வாசிக்கும் கூட்டத்தில் அமர டி சுருதிக் குழலே வேண்டும். முதல் உயர்குழலாக அதனைக் கொள்வதே தக்கது. உள்விட்டம் குறுகிய குழலில் மேல் ஸ்தாயி எளிதில் எழும். அகன்றதில் ஒலி பெருகும், மூச்சும் மிகுதியாகச் செலவாகும். வாய்ப்பகுதியை நகர்த்திச் சுருதி கூட்டக்கூடிய குழலாயின் பிறரோடு இசைய வாய்ப்பாக இருக்கும்.

தேர்வின் உட்கிடை இங்கேதான் உள்ளது. தாழ்குழல் தனிமையின் துணைவன். நெடிய சோகப்பாட்டுக்கு அதனினும் பொருந்துவது அரிது. எனினும் பலர் கூடி விரைந்து வாசிக்கும் இடத்தில் அதன் குரல் பிற கருவிகளின் அடியில் அமிழ்ந்துவிடும். உயர்குழலோ அத்தனை ஒலிக்கும் மேலே மிதந்து கேட்கும். கேட்கும் என்பதாலேயே அதற்குப் பொறுப்பும் மிகுதி. சுருதி பிசகிய ஓர் உயர்குழல் கூட்டம் முழுவதையும் கெடுக்கும். கிளேர் மாவட்டத்துத் தூலின் ஊரில் வாழ்ந்து 1994இல் மறைந்த மைக்கோ ரஸ்ஸல், மிகுந்த அணிகளின்றி எளிமையாகவே வாசித்தார். அவ்வெளிமைக்காகவே இன்றும் போற்றப்படுகிறார். மேரி பெர்கின் 1979இல் வெளியிட்ட இசைத்தட்டு, அச்சிறு குழலில் எத்துணை நுட்பம் அடங்கும் என்பதற்குச் சான்றாய் நிற்கிறது.

ஆகவே உயர்குழலை எடுப்பவர் தாழ்குழலை எறிந்துவிட வேண்டியதில்லை. மெல்லப் பாடும் பொறுமையை அதுவே தந்தது. அப்பொறுமையோடு, தெரிந்த மெதுவான பாட்டு ஒன்றையே சில வாரங்கள் உயர்குழலில் வாசித்து, மூச்சின் புதிய அளவைக் கண்டபின் விரைந்த பாட்டுக்குச் செல்வது நன்று. தனித்துப் படித்தவர்கள் கூடிப் படிக்க வந்து பத்து ஆண்டுகளை நிறைத்த இவ்வவைக்கு, தன் மூச்சை அளந்துகொண்டு பிறரோடு சேர்வதன் அருமை நன்கு விளங்கும்.