விமானத் திடலும் வாக்குச் சீட்டும்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மறுசீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே தாராவிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. ஆனால் இன்று நான் பேச வந்தது ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் உள்ள ஒரு பழைய விமான நிலையத்தைப் பற்றி. அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று அங்கே ஜனங்களைக் கேட்டார்கள். யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்பதுதான் நமக்குச் சங்கதி.

டெம்பல்ஹோஃப் என்பது அதன் பெயர். 1923-ல் தொடங்கிய நிலையம். நாஜிகள் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கட்டடம் எழுப்பினார்கள். யுத்த காலத்தில் அந்நிய நாட்டவரைக் கொண்டுவந்து கட்டாய வேலை வாங்கினார்கள். 1948-ல் சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கியதும் இங்கேதான். 2008 அக்டோபரில் விமானப் போக்குவரத்து நின்றது. 2010-ல் கதவைத் திறந்து ஜனங்களை உள்ளே விட்டார்கள். 300 ஹெக்டேருக்கு மேல் வெட்டவெளி; நம் தாராவியைவிடப் பெரிது. தெற்கு ஓரமாக நகரைச் சுற்றும் மின்சார ரயில் போகிறது. (ரயில்வேக்காரன் கண் முதலில் தண்டவாளத்துக்குத்தானே போகும்!) ஓடுபாதையில் சைக்கிள், பட்டம். புல்தரையில் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டி இறைச்சி சுடுகிறார்கள்.

நகர அரசு, திடலின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களில் ஏறத்தாழ 4,700 வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் கட்டத் திட்டம் போட்டது. வாடகை ஏறிக்கொண்டிருந்த ஊர். வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் 2014 மே 25-ல் நடந்த வாக்கெடுப்பில் 64.3 சதவீதம் பேர் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்றார்கள். அதுவே சட்டமாயிற்று.

பூங்கா மோகம் மட்டும் காரணமல்ல. குறைந்த வாடகைக்கு எத்தனை வீடு, அந்த வாடகை எத்தனை வருஷம் நிற்கும் என்ற கேள்விக்கு அரசின் பதிலை ஜனங்கள் நம்பவில்லை. 2012-ல் திறப்பதாகச் சொன்ன புதிய விமான நிலையத்தையே திறக்க முடியாமல் விழித்துக்கொண்டிருந்த அரசு அது. (கடைசியில் 2020-ல்தான் திறந்தார்கள்.) அந்த அவநம்பிக்கை நியாயமானதே என்பது என் எண்ணம்.

ஆனால் தோழர்களே, அந்தத் திடலின் கிழக்கு ஓரம் நொய்கோல்ன். 1961 ஒப்பந்தத்தின்படி கூலிகளாக அழைத்துவரப்பட்ட துருக்கியரின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும், அரபுக் குடும்பங்களும் நெருங்கி வாழும் பேட்டை. ஜெர்மன் குடியுரிமை இல்லாதவருக்கு அந்த வாக்கெடுப்பில் சீட்டுக் கிடையாது. முப்பது வருஷம் அங்கே ஆலையில் உழைத்திருக்கலாம், வரி கட்டியிருக்கலாம். திடலுக்கு எதிர்வீட்டிலேயே குடியிருக்கலாம். பூங்கா வந்தால் தெருவில் வாடகை ஏறும், வீடு கட்டினாலும் ஏறலாம். இரண்டிலும் அடிபடப்போகிறவனுடைய அபிப்பிராயம் எண்ணிக்கையில் சேரவே இல்லை. கட்டு என்றிருப்பானா, கட்டாதே என்றிருப்பானா? அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கும் தெரியாது.

பின்பு 2015-ல் போருக்குத் தப்பி வந்த அகதிகளை அந்த விமானக் கொட்டகைகளிலேயே தங்கவைத்தார்கள். ஓரத்தில் தற்காலிகக் குடியிருப்பு அமைக்க 2016-ல் சட்டத்தையே திருத்தினார்கள். வீடு கட்டும் பேச்சு மீண்டும் எழுந்தது. 2024-ல் குலுக்கல் முறையில் நகரவாசிகளைப் பொறுக்கியெடுத்துக் கருத்துக் கேட்டார்கள்.

நமக்கு வாக்குச் சீட்டு இருக்கிறது. ஆனால் தாராவித் திட்டத்தில் நம்மைப் பிரிப்பது சீட்டல்ல, தேதி. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் உள்ளவருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு என்றார்கள். பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வெளியே எங்கோ இடம். எட்டு வயதில் வந்து தோல் பதனிடும் வேலையில் கை வெந்தவனும், காகிதம் வெள்ளத்தில் போயிருந்தால் வெளியேதான்.

ஆகவே, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ரேஷன் கார்டு, பழைய லைட் பில், வாக்காளர் பட்டியல் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மாடி வீட்டுக்காரர்களும் வாருங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் முதலில் வாருங்கள். உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதப்போகிறோம்.