நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி

(ஜனவரி 1 மாலை நமது சங்கத்தின் புத்தாண்டுக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



"சார், ஐந்து நிமிஷம் ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். நான் 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "சில்லறை இருக்கா?", "பாஸ்புக்கை மதியம் வந்து வாங்கிக்கோங்க" என்று பேசித்தான் பழக்கம். மைக் பிடித்தது ஓய்வு பெற்ற அன்று ஒருமுறை. அன்றும் பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. அதனால் பெரிய விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. எங்கள் வீட்டில் இந்த மார்கழி எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். கடைசியில் ஒரு விண்ணப்பம் உண்டு. மெயின்டனன்ஸ் தொகை பற்றி இல்லை, பயப்பட வேண்டாம்.

எங்கள் பேத்தியை உங்களுக்கெல்லாம் தெரியும். லிஃப்டில் எல்லா பட்டனையும் அழுத்துவது அவள்தான். வயது ஐந்து, யுகேஜி. இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு பெரிய குறை. டிவியில் கார்ட்டூன் பிள்ளைகள் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது, தனக்கு வரவில்லை. "ஏன் தாத்தா எனக்கு வரலை?" சென்னையில் மார்கழிக் காலையிலும் 20, 21 டிகிரி இருக்கும், அந்தக் குளிருக்கு மூச்சு புகையாகாது என்றேன். கேட்டுக்கொண்டு போனாள். பத்து நிமிஷம் கழித்து அடுப்படியில் சத்தம். முக்காலி போட்டு ஏறி, ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறாள். புகை வந்தேவிட்டது! "தாத்தா, குளிர்காலம் ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கு!" என்று வீடு முழுக்க அறிவிப்பு. அன்று ஐஸ்கிரீம் எல்லாம் பாயசமாகிவிட்டது.

அந்த 21 டிகிரிக்கே நான் மங்கி கேப் போடுகிறவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். சிரிக்க வேண்டாம், இங்கே பாதிப் பேர் வீட்டில் அது இருக்கிறது. ஒருநாள் காலையில் என் தொப்பியைக் காணோம். பால்கனித் துளசிச் செடிக்கு மாட்டிவிட்டிருந்தாள். "அதுக்கும் பனி கொட்டுதில்ல?" என்றாள். என்ன பதில் சொல்ல?

குளியல் இன்னொரு கதை. வாளியில் வெந்நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு ஜுரமா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னது என் தப்பு. ஜுரம் வந்த தண்ணீரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம், குளிக்க மாட்டாளாம். அன்று ஸ்கூல் வேனைத் தவறவிட்டோம். மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

காலை ஐந்தரை மணிக்குக் கோயிலுக்கு அவளும் வருவாள். பக்தி எல்லாம் தொன்னையில் கிடைக்கும் வெண்பொங்கல்மேல்தான். மிளகை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். நேற்று 11, முந்தாநாள் 8. எண்ணாமல் இருக்க என்னால் முடியாது, தொழில் புத்தி. திரும்பி வந்து எங்கள் மாடியில் லிஃப்ட் முன்னால் கோலம் போடுவாள். ஒவ்வொரு புள்ளியும் இட்லி அளவு. ஆறரை மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா மாப் போட வரும்போது குறுக்கே உட்கார்ந்துவிடுவாள். ஒரு வாரம் சண்டை. இப்போது அந்த அம்மா கோலத்தைச் சுற்றி வளைத்துத் துடைக்கிறார். எங்கள் மாடித் தரையில் நடுவில் மட்டும் அழுக்காக ஒரு வட்டம் தெரிந்தால் காரணம் இதுதான். சூப்பர்வைசர் அந்த அம்மாவை எதுவும் சொல்ல வேண்டாம்.

இனி கொஞ்சம் சிரிக்க முடியாத பகுதி.

போன வருஷம் போகி. விடியற்காலை நம் வாசலில், விசிட்டர் பார்க்கிங் பக்கம், நெருப்பு போட்டோமே, ஞாபகம் இருக்கும். முதல்நாள் சாலையோரக் கடையில் அவளுக்கு ஒரு போகி மேளம் வாங்கிக் கொடுத்திருந்தேன். என் தோளில் உட்கார்ந்து அதை அடித்துக்கொண்டே நெருப்பைப் பார்த்தாள். பாய், துடைப்பம் போட்டார்கள், பிறகு ரெக்சின் பை, யாரோ ஒரு சைக்கிள் டயர். புகை மேலே போகவே இல்லை, நம் முழங்கால் உயரத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. குளிர்ந்த காலையில் அப்படித்தான். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேல் கொஞ்சம் சூடான காற்று பானை மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். காற்றோட்டமும் இருக்காது. 2018 போகியன்று இந்தப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கலாம். விமானத்துக்கே அந்தக் கதி.

அன்று சாயங்காலம் இருமல். ராத்திரி பதினொரு மணிக்கு என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை. "தாத்தா, என் நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி இருக்கு. கத்துது, கேளு" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். நிஜமாகவே கீச், கீச் என்று ஒரு சத்தம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போய் வந்தது. மகன் ஊரில் இல்லை. நானும் மருமகளும் ஆட்டோ பிடித்து ஓடினோம். நெபுலைசர் வைத்தார்கள். முகத்தில் அந்த மாஸ்க்கோடு, "பூனை வெளியில வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டாள். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகையில் நின்றாளா என்று டாக்டர் கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் குறுகல், கொஞ்சம் வீங்கினாலும் காற்று போக வழி இருக்காது என்றார். மருமகள் "கொஞ்ச நேரம்தான் டாக்டர்" என்றாள்.

மருமகளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவளும் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று நெருப்பில் ஒரு ஃபோம் தலையணை எரிந்ததே, கறுப்பாகப் புகை வந்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, அது என்னுடையது. அவளைத் தோளில் வைத்துக்கொண்டே நான்தான் எறிந்தேன். ஒரு வருஷமாக இது என் கணக்கில் டேலி ஆகாமலே இருக்கிறது.

போகி நம் பண்டிகை இல்லையா என்று கேட்பீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவன் நான். அங்கே எரித்தது கோரைப் பாய், தென்னந்துடைப்பம், கிழிந்த ஓலைக்கூடை. எல்லாம் மண்ணில் முளைத்தவை, எரித்த இடமும் திறந்தவெளித் தெரு. இங்கே நாலு பக்கமும் சுவர். நம் சி பிளாக்கில் ஒரு பெரியவர் டிசம்பர் வந்தால் ஜன்னலையே திறப்பதில்லை, அவருக்கு மூச்சுப் பிரச்சினை.

என் விண்ணப்பம் இதுதான். இந்தப் போகிக்கு நம் வளாகத்துக்குள் நெருப்பு வேண்டாம். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் சில வருஷங்களாகப் போகிக்கு முன்பு பழைய பொருட்களை வாங்கிக்கொள்கிறார்கள். போகிக்கு முதல்நாள் மாலை நாலு மணிக்கு நான் கீழே ஒரு மேஜை போட்டு உட்காருகிறேன். பழைய பாய், துணி, டயர் எதுவானாலும் கொண்டுவாருங்கள். நல்ல துணி தனியாக, மற்றது தனியாக. ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறேன், வேண்டுமானால் ரசீதும் தருகிறேன். நாலு துடைப்பக் குச்சியாவது கொளுத்தாமல் என்ன போகி என்கிறார் என் மனைவி. அந்த விஷயத்தில் வீட்டுக்குள்ளேயே இன்னும் தீர்மானம் நிறைவேறவில்லை.

பேத்தியிடமும் சொல்லிவிட்டேன், பழசையெல்லாம் கொடுத்துவிடப் போகிறோம் என்று. உடனே என் செருப்பு, என் டிரான்சிஸ்டர், என் மங்கி கேப் மூன்றையும் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாட்டியிடம் போய், "பாட்டி, தாத்தாவையும் கொடுக்கணுமா?" என்று கேட்டாள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டி" என்றார் என் மனைவி.

இன்னொன்று. நெருப்பு இல்லாவிட்டாலும் மேளம் உண்டு. அதை அவள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். போகியன்று காலை ஐந்து மணிக்கு அடிப்பாள். மூன்றாவது மாடிக்காரர்கள் இப்போதே மன்னித்துக்கொள்ளுங்கள்.