நீலத் திரையைப் படிக்கத் தெரிந்தவர்கள்



வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினித் திரை நீலமாகிறது. புரியாத வரி ஒன்றைக் காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அடிக்கடி இப்படி ஆனால் கடைக்குத் தூக்கிப் போகிறோம். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்கிறார்கள். சில நாள் நன்றாக ஓடுகிறது; மறுபடியும் அதே நீலத் திரை. காரணத்தை யாரும் தேடவில்லையே! அதைத் தேடிப் பிடிக்கும் கலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பல நேரங்களில் காரணம் ஒரு டிரைவர். பிரிண்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள் அது. சாதாரண மென்பொருள் பிழை செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர்களில் பல, கர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே ஓடுபவை. அங்கே பிழை நேர்ந்தால், தகவல்கள் கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நிறுத்தும்போது, நினைவகத்தில் இருந்ததை 'டம்ப்' என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. காரணம் தேடும் கலைக்கு மூலப்பொருள் அந்தக் கோப்புதான்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறு அப்டேட்டை அனுப்பியது. சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

நடந்தது இதுதான். அந்த அப்டேட்டில் வந்த புதிய கோப்பு 21ஆவது உள்ளீடு ஒன்றைச் சரிபார்க்கச் சொன்னது. அந்த மென்பொருளுக்குக் கிடைத்தவையோ 20. இல்லாததைப் படிக்க எல்லை தாண்டிப் போனது அதன் டிரைவர், கணினி நின்றது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பல எழவில்லை. உலகெங்கும் தொழில்நுட்ப ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து, தேவையான டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பைத் தேடி அழித்தார்கள். வட்டு பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்கச் சாவியை முதலில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத் தேவையே இருக்கவில்லை. காரணம் துல்லியமாகத் தெரிந்ததால், ஒரே ஒரு கோப்போடு வைத்தியம் முடிந்தது.

எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவாக இருக்காது. டம்ப் கோப்பை டிபக்கர் என்ற ஆய்வுக் கருவியில் திறந்தால் ஏதோ ஒரு பெயர் வரும். அதுவே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. வேறொரு டிரைவர் எப்போதோ கெடுத்து வைத்த நினைவகத்தைத் தொட்டதற்காக, ஒரு தவறும் செய்யாதது மாட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் தேர்ந்தவர் ஒரு டம்ப்போடு நிற்பதில்லை, பலவற்றை ஒப்பிடுகிறார். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேட்கிறார். சந்தேகம் விழுந்த டிரைவரை மட்டும் பழைய பதிப்புக்கு மாற்றிவிட்டுக் காத்திருக்கிறார். அப்படியும் பிடிபடாவிட்டால், டிரைவர் வெரிஃபையர் என்ற கருவியை ஏவி, டிரைவர்களைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்குகிறார். ரேம் பழுதாக இருக்குமோ என்றும் பார்க்கிறார்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்: இந்தக் கலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஐந்தை ஒன்றாக மாற்றினால் கணினி சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. தெரியாத காரணம் திரும்பி வரும்.

அடுத்த முறை நீலத் திரை வந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைசியாக எதை நிறுவினீர்கள் என்று குறித்து வையுங்கள். கடைக்காரரிடம் "எந்த டிரைவர்?" என்று கேளுங்கள். அவர் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னால், ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் கூலியைவிடக் கூடுதலாகவே கொடுங்கள். காரணம் கண்டறியும் உழைப்புக்கு நாம் மதிப்புக் கொடுத்தால்தான் அதைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவார்கள்.