பொம்மையில் சாயம் ஏறாமல் இருக்க



எங்கள் குழு மெத்தென்ற வினைல் பொம்மைகளை வாங்கி, பாவாடை சட்டை தைத்துப் போட்டு விற்கிறது. இதில் நம்ம லாபத்தைத் தின்பது துணிச் சாயம்தான். கறுப்பு, கருநீலம், அரக்குத் துணி வாரக்கணக்கில் உடம்போடு ஒட்டிக் கிடந்தால், சாயம் பொம்மையின் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். அப்புறம் சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தகரக் கூரைச் சூட்டில் இன்னும் சீக்கிரம் இறங்கும். ஒரு திட்டு தெரிந்தாலும் கடைக்காரர் திருப்பிவிடுவார். பொம்மை விலை, துணி, கூலி மூணும் போச்சு.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே துணியை அலசிடுங்க. காய்ஞ்சதும் ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளையில நிறம் ஏறுதா? அது கால்மிதிக்குத்தான் ஆகும். ஏறலைன்னாலும் உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்க. கூடுதல் செலவுதான், ஆனா கொடுக்கலாம்.

கறை விழுந்துட்டா, மருந்துக்கடையில் முகப்பருவுக்குக் கொடுக்கிற பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறை மேல மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாள் சுத்தி வெயில்ல வைங்க. ஒரே நாள்ல போகாது. தினமும் துடைச்சுட்டுப் புதுசாத் தடவணும். உதடு, கன்னம், புருவம் பக்கம் போகாதீங்க, வெளுத்துடும்; நம்ம சேலையும் வெளுக்கும். கைக்கு உறை போடுங்க. நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டவே வேண்டாம், தோலையே அரிச்சிடும்.

சிலிக்கான் பொம்மையில தூசிதான் அதிகம் ஒட்டும். சோப்புத் தண்ணியில மெதுவாக் கழுவி, நிழல்ல காயவிட்டு, லேசாப் பவுடர் பூசினாப் போதும். எந்தப் பொம்மையானாலும் களிம்பு போட்டிருந்தா, நல்லாக் கழுவின பிறகே பெட்டியில வைங்க. குழந்தைங்க வாயில வைப்பாங்க.