கணினி முடங்கிய மருத்துவமனை

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஊடுருவியவர்கள் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவலைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டனர். ஓ.பி. சீட்டு, ஆய்வக முடிவு, பில் என எல்லாமே பல நாட்கள் கையால் எழுதியே நடந்தன. அந்த அவசரத்தில் ரத்த மாதிரிக் குழாயில் பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடும். பண இழப்பைவிடப் பெரிய ஆபத்து இதுதான். கணினி வலைப்பின்னலை முறையாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்காததே இந்த ஊடுருவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

கொங்கு மண்டலமும் தப்பவில்லை. அடுத்த மாதமே, திருப்பூர் தனியார் மருத்துவமனை ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணையத்தில் விலைக்கு வந்ததாகச் செய்தி வெளியானது. அவை 2007 முதல் 2011 வரையிலான பழைய பதிவுகள். கசிந்த இடமாகச் சந்தேகிக்கப்பட்டது மருத்துவமனை அல்ல, வெளியே இருந்த ஒரு கணினி நிறுவனம். பழைய பதிவுதானே என்று அலட்சியமாக விடுவது பெரும் தவறு.

மருத்துவமனைக் கணினி எப்போது வேண்டுமானாலும் முடங்கலாம் என்பதால், கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒவ்வாத மருந்துகளின் பட்டியலையும் காகிதத்தில் ஒரு நகல் எடுத்துக் கையோடு வைத்திருக்க வேண்டும்.