துணிகளில் சுற்றிய பரிசு

(திருவருகைக் காலத்தின் நான்காம் வாரத்தில் வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



பெருவிழாவுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. குடில் கட்டியாகிவிட்டது. வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு தயார். ஒரு வேலை மட்டும் பல வீடுகளில் மீதி இருக்கும். அன்பியத்திலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ சீட்டுக் குலுக்கி எடுத்த ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்டு’க்குப் பரிசு வாங்கியாயிற்று. அதைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். சின்ன வேலைதானே என்று இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கிறது. நிறுத்தினால் வியர்வை சொட்டிச் சாயம் போகிறது. செலோ டேப்பின் நுனி எங்கே ஒட்டிக்கொண்டது என்று நகத்தால் சுரண்டியே பொறுமை போய்விடுகிறது. அளவு பார்த்து வெட்டிய காகிதம் பெட்டியைச் சுற்றி வரும்போது சரியாக ஒரு விரற்கடை குறைகிறது. பிள்ளைக்குப் பந்து வாங்கியவர் நிலைமையோ இன்னும் மோசம். எப்படிச் சுற்றினாலும் அது பந்தென்று தெரிந்துவிடும்.

பள்ளியில் பல ஆண்டுகளாகப் பரிசுப் பொருள்களைச் சுற்றித் தருகிற அருள்சகோதரி ஒருவரிடம் இதற்கு வழி கேட்டேன். அவர் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த வாரமே உதவும்.

முதலில் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாதாம். காகிதத்தைப் பெட்டியைச் சுற்றிப் போட்டுப் பார்த்து, இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டு, அதன் பிறகே வெட்ட வேண்டும். இரண்டு பக்கவாட்டிலும் பெட்டியின் உயரத்தில் முக்கால் பங்கு அளவு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் மடிப்பு தடித்து உப்பிக்கொள்ளும். பெட்டியைக் குப்புற வைத்துச் சுற்றினால் ஒட்டு அடிப்பக்கம் போய்விடும். சதுரப் பெட்டிக்குக் காகிதம் போதவில்லையென்றால், பெட்டியைக் காகிதத்தின் மேல் குறுக்காக வைத்து, நான்கு மூலைகளையும் நடுவில் கொண்டுவர வேண்டும். பல நேரம் அந்தக் காகிதமே போதுமானதாகிவிடும். டேப்பை வெட்டியதும் நுனியைச் சிறிது மடித்து விட்டால், அடுத்த முறை தேட வேண்டியதில்லை. பந்தைச் சுற்றுவதற்குக் காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு துணியின் நடுவில் வைத்து, கொழுக்கட்டைக்கு மாவைக் கூட்டுவதுபோல் மேலே கூட்டிக் கட்டிவிட வேண்டியதுதான்.

கடைசியாக அவர் சொன்னது: “ஃபாதர், எல்லாத்துக்கும் முன்னாடி விலைச்சீட்டை எடுத்திருங்க. வரலைன்னா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவிட்டுத் துடைங்க. விலை தெரிஞ்சிருச்சுன்னா அப்புறம் சுத்திக் கொடுத்து என்ன புண்ணியம்?”

அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். சீர்வரிசையை நாம் மூடி எடுத்துப் போவதில்லை. தட்டுத் தட்டாக, மேளத்தோடு, தெருவே எண்ணிப் பார்க்கும்படி ஊர்வலமாக எடுத்துப் போகிறோம். மொய் வைத்தால் நோட்டில் எழுதுகிறார்கள். சில ஊர்களில் ஒலிபெருக்கியிலும் அறிவிக்கிறார்கள். அதில் உறவும் உண்டு, ஊர்க் கணக்கும் உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் சுற்றிய பரிசு வேறு விதமானது. இருபது ரூபாய்ப் பேனாவா, இரண்டாயிரம் ரூபாய்க் கடிகாரமா என்பது அதைப் பிரிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். கொடுத்தவர் பெருமை கொள்ளவும் வழியில்லை. வாங்கியவர் பிறர் முன்னால் கூச்சப்படவும் தேவையில்லை.

வண்ணக் காகிதத்தில் சுற்றும் இந்தப் பழக்கம் ஒன்றும் மிகப் பழையதல்ல. அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில் 1917-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நேரத்தில் பரிசு சுற்றும் மெல்லிய காகிதம் தீர்ந்துபோனது. உறைகளின் உட்புறம் ஒட்டுவதற்காக பிரான்சிலிருந்து வந்திருந்த பூப்போட்ட தாள்களை எடுத்து, தாள் பத்து சென்ட் என்று விற்றார்கள். அவை உடனே விற்றுத் தீர்ந்தன. நாம் இன்று கடையில் உருளையாக வாங்கும் பரிசுக் காகித வணிகம் அப்படித்தான் வளர்ந்தது. நாம் நுனியைத் தேடி அல்லாடும் ஒளிபுகும் டேப் வந்தது 1930-இல். அதற்கு முன் நூலும் நாடாவும் அரக்கும்தான்.

ஆக, காகிதமும் டேப்பும் புதியவை. ஆனால் ஒரு பரிசைப் பொதிந்து தருவது அவற்றைவிட மிகப் பழையது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மரியா தம் தலைமகனைப் பெற்றெடுத்து, துணிகளில் சுற்றி, தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று நற்செய்தியாளர் சொல்கிறார். கொஞ்சம் தள்ளி, வயல்வெளியில் காவல் காத்த இடையர்களுக்கு வானதூதர் ஓர் அடையாளம் கொடுக்கிறார். அந்த அடையாளத்திலும் இதே துணி வருகிறது. மெசியாவைத் தேடிப் போகிறவர்களிடம், துணிகளில் சுற்றிய குழந்தையைப் பாருங்கள் என்கிறார் தூதர்.

ஏன் இந்தத் துணிக்கு இத்தனை முக்கியத்துவம்? அந்நாளில் பிறந்த குழந்தையைக் கழுவி, நீளத் துணிப்பட்டைகளால் கை கால்களோடு சேர்த்துச் சுற்றுவார்கள். குழந்தைக்குக் கதகதப்பாக இருக்கும். எசேக்கியேல் இறைவாக்கினர் பதினாறாம் அதிகாரத்தில், எருசலேமை யாருக்கும் வேண்டாத ஒரு குழந்தையாக வருணிக்கிறார். அந்தக் குழந்தையை யாரும் நீரால் கழுவவில்லை, துணியால் சுற்றவில்லை, வயல்வெளியில் எறிந்துவிட்டார்கள். அப்படியென்றால் துணியில் சுற்றியிருக்கும் குழந்தை, யாரோ ஒருவர் தமக்கு வேண்டுமென்று ஏற்றுக்கொண்ட குழந்தை. சாலமோனின் ஞானம் ஏழாம் அதிகாரத்தில், தானும் எல்லாரையும்போலத் துணிகளில் பொதிந்து பராமரிக்கப்பட்டவன்தான், எந்த மன்னனுக்கும் வேறு வகையான தொடக்கம் இல்லை என்று அரசர் பேசுகிறார். பெத்லகேமில் இடம் கிடைக்கவில்லை. தொட்டில் கிடைக்கவில்லை. ஆனால் தாயின் கை சுற்றிய துணி இருந்தது.

நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் சுற்ற மாட்டார்கள், உறுத்தும் என்பார்கள். பாட்டியின் பழைய நூல் சேலையோ தாத்தாவின் பழைய வேட்டியோதான், பலமுறை துவைத்துப் பஞ்சுபோல் ஆனதாகத் தேடி எடுப்பார்கள். பளபளப்பை யாரும் பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளைக்கு எது இதமாக இருக்கும் என்றுதான் பார்க்கிறார்கள்.

இதோடு ஒத்துப்போகும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூடைப்பந்து அணிகளின் சின்னம் பொறித்த குவளைகளை மாணவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நேர்த்தியாகச் சுற்றியது. சிலருக்கு ஏனோதானோவென்று சுற்றியது. அலங்கோலமாகச் சுற்றிய பரிசைப் பெற்றவர்களே பரிசை அதிகம் விரும்பினார்கள். நேர்த்தியான பொதி எதிர்பார்ப்பைக் கூட்டிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகவே காகிதம் சுருங்கிவிட்டதே என்று கவலைப்படும் கணவன்மார்களே, ஆறுதல் அடையுங்கள்! ஆனால் 2019-இல் வெளியான அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. நெருங்கிய நண்பரிடையே அலங்கோலம் பாதகமில்லை. அதிகம் பழக்கமில்லாதவர் தரும்போது, ‘இவர் என்னை எந்த அளவுக்கு மதிக்கிறார்’ என்பதைப் பெறுகிறவர் அந்தப் பொதியைப் பார்த்தே கணிக்கிறார்.

அன்பர்களே, இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. நம்மை அதிகம் பழக்கமில்லாதவர், ஆனால் இந்த நாள்களில் நம் கையிலிருந்து எதையாவது பெறப்போகிறவர் யார்? நம் பங்கின் ஏழைகள். அவர்களுக்கு நாம் எப்படிக் கொடுக்கிறோம்?

நம் பிள்ளையின் பரிசுக்குக் காகிதம், நாடா, பெயர் எழுதிய சிறு அட்டை. ஏழைப் பெண்ணுக்குச் சேலை மட்டும் கடைப் பையோடு. அதற்கும் அவர் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டதும் மேடை ஏறி, கொடுத்தவரோடு சேர்ந்து சேலையைப் பிடித்தபடி புகைப்படத்துக்கு நிற்க வேண்டும். அவர் பெறும் பரிசு என்ன, அதன் விலை என்ன, கொடுத்தவர் யார் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய பிள்ளைகளும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லங்களுக்குப் போகும் மூட்டைகளிலோ பொத்தான் இல்லாத சட்டையும் ஜிப் அறுந்த பையும் இருக்கின்றன.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் இளையோர் ஓர் ஆண்டு இதை மாற்றிப் பார்த்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் வாங்கி வைத்த சேலைகளையும் வேட்டிகளையும், பழைய நாளிதழில் நேர்த்தியாகச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெறுகிறவர் பெயரைக் கையால் எழுதினார்கள். விழாவுக்கு முந்தைய நாள் மாலை வீடு வீடாகக் கொண்டுபோனோம். ஒரு பாட்டி பொட்டலத்தை வாங்கித் திருக்குடும்பப் படத்துக்கு முன்னால் வைத்தார். “பிரிச்சுப் பாருங்க பாட்டி” என்றான் உடன் வந்த பையன். “ராப்பூசைக்குக் கிளம்பும்போது பிரிச்சுக்கிறேன் தம்பி. என் பேருதானே எழுதியிருக்கு, அவசரம் என்ன?” என்றார்.

தன் பரிசை எப்போது பிரிப்பது என்று தானே முடிவு செய்யும் உரிமை அவருக்கு அன்று கிடைத்தது. மேடையில் அந்த உரிமையை நாம் யாருக்கும் கொடுப்பதில்லை.

“பசித்தவருக்கு அரிசி முக்கியமா, அதைச் சுற்றும் தாள் முக்கியமா?” என்று நீங்கள் கேட்கலாம். அரிசிதான் முக்கியம், சந்தேகமே இல்லை. ஆனால் பழைய நாளிதழுக்கும் சணல் கயிற்றுக்கும் என்ன செலவு? ஒரு மாலை நேரம் செலவாகும், அவ்வளவுதான். பணத்தைவிட அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் நாம் தயங்குகிறோம்.

டிசம்பர் 6-ஆம் நாள் புனித நிக்கோலாசின் திருநாளைக் கொண்டாடினோம். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்தவர். இன்று அந்த இடம் துருக்கி நாட்டில் இருக்கிறது. சீர் கொடுக்க வழியில்லாமல் மூன்று பெண்மக்களோடு தவித்த ஒரு தந்தையின் வீட்டுக்குள், இரவு நேரத்தில் பொற்காசுப் பையை எறிந்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. பகலில் அழைத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தத் தந்தை தெருவில் தலை குனியக் கூடாது என்று நினைத்தார். இரவையே போர்வையாக்கிக் கொடுத்தார். நாம் கிறிஸ்மஸ் தாத்தா என்று பிள்ளைகளுக்குக் காட்டும் உருவத்தின் மூலம் இந்த ஆயர்தான். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் போதித்ததை அவர் அப்படியே செய்தார்.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பரிசு சுற்ற உட்காரும் இரவில், இன்னும் ஒரு பொட்டலம் சேர்த்துச் சுற்றுங்கள். தெருவைப் பெருக்கும் அம்மாவுக்கோ, காவலாளிக்கோ, தனியாக வாழும் முதியவருக்கோ அது போகட்டும். அதன் மேல் அவர் பெயரை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, கொடுக்கும்போது கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே விட்டுவிடுங்கள். காகிதம் கோணலாக இருந்தால் பரவாயில்லை.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, உம் ஒரே மகனை எங்களுக்குப் பரிசாகத் தந்தீர். எளிய தாயின் கைகள் அவரைத் துணிகளில் சுற்றின. எங்கள் கைகளும் இந்த நாள்களில் பிறருக்குக் கூச்சம் தராமல் கொடுக்கக் கற்றுக்கொள்ளட்டும். எங்களிடமிருந்து பெறுகிறவர்கள் தலை நிமிர்ந்து பெறட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

உங்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள்.